ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் எங்கிருந்து வரும்?

துணைமின் நிலையங்களில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது மருத்துவமனை, குடிநீர் நிலையம் மாதிரியான இடங்களின் மாற்று மின்சார ஏற்பாடுகளைச் சோதித்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். போகிற இடமெல்லாம் முதலில் ஜெனரேட்டரைத்தான் காட்டுவார்கள். துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் பத்து விநாடிக்குள் உறுமிக்கொண்டு கிளம்பும். காட்டுகிறவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். நியாயமான பெருமைதான்.

ஒரு மருத்துவமனையில் நடந்த பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது.

“டேங்கில் எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருக்கு?”

“முழு லோடில் இருபது மணி நேரம் ஓடும் சார்.”

“அதுக்கப்புறம்?”

“போன் பண்ணா டேங்கர் வந்துடும். ஒப்பந்தம் போட்டிருக்கோம்.”

“கரண்ட் போய் இருபது மணி நேரம் ஆச்சு. போன் வேலை செய்யுமா?”

சிரித்தார். “யாரையாவது வண்டியில அனுப்புவோம் சார்.”

“சரி. டேங்கர் எங்கே நிரப்பும்?”

“டீசல் டிப்போவில.”

“டிப்போவில பம்ப் எதுல ஓடுது?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அதே ஊரில் இன்னொரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கும் ஒப்பந்தம் இருந்தது, அதே டேங்கர்காரரோடு.

ஒவ்வொரு மாற்று ஏற்பாட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒன்றின் தோளில் இன்னொன்று சாய்ந்து நிற்பது தெரியும். எல்லாமே “சில மணி நேரத்தில் கரண்ட் வந்துவிடும்” என்ற ஒரே நம்பிக்கையில் கணக்குப் போட்டு வாங்கியவை.

அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய மின்தடைகளில் பலவும் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரக்கிளையில் உரசிய லைன்கள் ஒரு காரணம், கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் உறைந்துபோய் யாருக்கும் எதுவும் தெரியாமல் போனது இன்னொன்று. 2012 ஜூலை 31 அன்று இந்தியாவில் 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி இருண்டது. 2025 ஏப்ரல் 28 பகல் 12:33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக விழுந்தன. ஸ்பெயினில் ஏறத்தாழ 15,000 மெகாவாட் உற்பத்தி ஐந்தே விநாடியில் காணாமல் போனது. ஆனாலும் மறுநாள் விடிவதற்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பிவிட்டது.

திரும்பாத கதைகளும் உண்டு. 1998-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்குப் போகும் நான்கு முக்கியக் கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, நகர மையம் ஐந்து வாரம் தவித்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோ தீவின் மின்தொகுப்பை, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் வலையை, முறித்துப் போட்டது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் போய்ச் சேர ஏறக்குறைய பதினோரு மாதம். அங்கே அரசு முதலில் சொன்ன இறப்பு எண்ணிக்கை 64. பிறகு ஆய்வு நடத்தி ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,975. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் காற்றிலும் வெள்ளத்திலும் போனவர்கள் அல்லர். சிகிச்சையும் மருந்தும் ஆக்ஸிஜனும் கிடைக்காத வாரங்களில் ஒவ்வொருவராகப் போனவர்கள்.

விழுந்த மின்தொகுப்பைத் திரும்ப எழுப்புவது ஏன் கஷ்டம் என்று கேட்பார்கள். மின்நிலையம் ஓடவே மின்சாரம் வேண்டும். 500 மெகாவாட் அனல் அலகு ஒன்றுக்கு அதன் பம்புகள், மின்விசிறிகள், நிலக்கரி அரைக்கும் ஆலைகள் ஆகியவற்றுக்கே முப்பது மெகாவாட்டுக்கு மேல் தேவை. வெளியிலிருந்து அது வராவிட்டால் அந்த அலகு வெறும் இரும்புக் குவியல். தானாகக் கிளம்பக்கூடியவை நீர்மின் நிலையங்களும் சில எரிவாயு நிலையங்களும்தான். ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டரை வைத்து அவற்றை எழுப்பி, அங்கிருந்து ஒரு லைனுக்கு உயிர் கொடுத்து, அதன் முனையில் ஓர் அனல் நிலையத்தை எழுப்பி, இடையிடையே ஊர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து... இதற்கு நாங்கள் ‘பிளாக் ஸ்டார்ட்’ என்போம். லோடு கூடினாலும் குறைந்தாலும் மறுபடி விழும். 2025-இல் போர்ச்சுகல் ஒரு நீர்மின் நிலையத்தையும் ஓர் எரிவாயு நிலையத்தையும் வைத்துத்தான் எழுந்தது. ஸ்பெயினுக்குப் பிரான்ஸிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கை கிடைத்தது. பக்கத்து வீடும் இருட்டாக இருந்தால் அந்தக் கை கிடையாது.

இந்த வேலைக்கெல்லாம் ஒரு கெடு இருக்கிறது. அது துணைமின் நிலையத்தின் பேட்டரி அறையில் இருக்கிறது. ஆசிட் நெடி அடிக்கும் சின்ன அறை. மர அடுக்கில் 55 செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட், மொத்தம் 110. லைனை இணைத்துத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்க, மூட, பழுதைக் கண்டுபிடிக்கும் ரிலேக்கள் உயிரோடு இருக்க, கட்டுப்பாட்டு மையத்தோடு பேச, எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம். வழக்கமாக எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று கணக்கிட்டு வைப்பார்கள். ஒருமுறை நெடிய மின்தடையில் நானும் இன்னொரு ஆபரேட்டரும் அவசர விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்திருந்தோம். மணிக்கொருதரம் வோல்ட் மீட்டரைப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. 108. 106. 103. அந்த முள் இன்னும் இறங்கினால், லைனில் மின்சாரம் வந்து நின்றாலும் பிரேக்கரை மூட எங்களால் முடியாது. பிரேக்கரை மூடும் ஸ்பிரிங்கைக் கைப்பிடியால் சுற்றி ஏற்றிவிடலாம். ஆனால் பாதுகாப்பு ரிலேக்கள் செத்த நிலையில் லைனைச் சேர்க்க எந்தப் பொறியாளரும் துணியமாட்டார். அன்று அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நாள்கணக்கில் நீண்டால் ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் யாராவது ஒரு சின்ன ஜெனரேட்டரோடும் டீசலோடும் போய்ச் சேர வேண்டும். மறுபடி டீசல்.

இந்தச் சுழல் எவ்வளவு மோசமாகும் என்பதற்கு டெக்சாஸ் 2021. பிப்ரவரி உறைபனியில் மின்தேவை எகிறியது. மின்தொகுப்பைக் காப்பாற்ற ஊர் ஊராக மின்சாரத்தை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியதில் எரிவாயுக் கிணறுகளும், அதைக் குழாயில் தள்ளும் நிலையங்களும் சிக்கிக்கொண்டன. அவற்றில் பல, ‘நிறுத்தக் கூடாதவை’ பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. எரிவாயு குறைந்தது, அதனால் உற்பத்தி மேலும் குறைந்தது. தேவைக்கு உற்பத்தி போதாவிட்டால் மின்சாரத்தின் அதிர்வெண் இறங்கும். அங்கே அது 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே 9 நிமிடம் நின்றால் மின்நிலையங்கள் தாமாகக் கழன்றுகொள்ளும். பிப்ரவரி 15 அதிகாலையில் அந்த நிலைக்கு 4 நிமிடம் 37 விநாடிதான் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகும் இருட்டு நாள்கணக்கில் நீண்டதில், அந்தப் பட்டியலில் சேர நிரப்பாமல் விட்ட படிவங்களுக்கும் பங்கு உண்டு.

பெரிய மின்மாற்றிகள் பல ஒரே நேரத்தில் எரிந்துபோனால் நிலைமையே வேறு. ஒவ்வொன்றும் 200 டன், 300 டன். கடையில் தயாராக வைத்திருக்கும் பொருள் இல்லை, இடத்துக்கு ஏற்ப ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேல், பல சமயம் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். 1989 மார்ச் 13 அன்று ஒரு சூரியப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கி நெடிய லைன்களிலும் மின்மாற்றிகளிலும் வேண்டாத மின்னோட்டத்தை ஏற்றும் சூரிய வெடிப்பு, கனடாவின் கியூபெக் மின்தொகுப்பை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்தது. அன்று 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரத்தில் தப்பித்தார்கள். 1859-இல் அடித்ததைப் போன்ற புயல் இன்று வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்கள் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் முடியாது. தேசம் முழுக்க மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாத நிலை நாளைக்கே வரும் என்று நான் சொல்லவில்லை. உணவுப் பொட்டலங்களைப் பதுங்குகுழியில் அடுக்கும் கூட்டத்தில் நானும் சேரவில்லை. பதினைந்து நாள் தாங்குமா என்று கேட்டுப் பழகினால் போதும் என்பேன்.

அப்படிக் கேட்டால் முதலில் மாட்டுவது தண்ணீர். மேல்நிலைத் தொட்டியில் இருப்பது ஒரு நாளுக்கு, மிஞ்சினால் இரண்டு நாளுக்கு. என் தொழிலில் ஒரு பழைய சண்டை உண்டு: கொஞ்சமாகக் கிடைக்கும் மின்சாரத்தை முதலில் மருத்துவமனைக்குக் கொடுப்பதா, குடிநீர் பம்புக்கா? நான் பம்ப் கட்சி. தண்ணீர் இல்லாத மருத்துவமனை இரண்டாம் நாளே மருத்துவமனையாக இருக்காது. டயாலிசிஸ் ஒரு தடவைக்கே 120 லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்த நீர் வேண்டும், ஒரு நோயாளிக்கு வாரத்தில் மூன்று தடவை. குடிநீர் பம்பை ஓட்டிவிட்டுக் கழிவுநீர் பம்பை மறந்துவிடும் ஊர்களையும் பார்த்திருக்கிறேன். போன தண்ணீர் எங்கே போகும்? தாழ்வான தெருவின் மேன்ஹோல் வழியாக மேலே வரும். காலரா மாதிரி நோய்களுக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. இரண்டையும் ஜோடியாகத்தான் பட்டியலில் எழுத வேண்டும்.

கருவி இருந்தும் கைகொடுக்காமல் போவதற்கு 2012-இல் சாண்டி புயலில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை ஓர் உதாரணம். ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில், வெள்ளத்துக்குள். படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எரிபொருளை மேலே ஏற்றினார்கள். இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். சொல்லிவிட்டு “உங்க பம்ப் எந்த மாடியில?” என்று கேட்டால் முகம் மாறும்.

வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நம்பி ஒருவர் இருந்தால், பக்கத்தில் சிலிண்டர் இருக்கட்டும், கணக்கும் தெரிந்திருக்கட்டும். 10 லிட்டர் கொள்ளளவுச் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டிய இடத்தை இன்றே முடிவு செய்து வையுங்கள். இன்சுலின் பற்றிப் பலரும் பதறுவார்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும், உங்கள் வகைக்கு என்ன கணக்கு என்பது அதன் தாளில் இருக்கும். திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிமிடத்துக்கொருதரம் திறந்து ‘இன்னும் சில்லென்று இருக்கிறதா’ என்று பார்ப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். பேட்டரி இல்லாமல் மின்தொகுப்போடு மட்டும் இணைந்த சாதாரண சோலார், கரண்ட் போன அடுத்த நொடி தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் லைன்மேனை உங்கள் வீட்டு மின்சாரம் தாக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு. வெயில் கொளுத்தும்போது பேனல் முழுக்கச் சூடாக இருக்க, கீழே மின்விசிறி சுற்றாது. தனித்து இயங்கும் வசதி உங்கள் இன்வெர்ட்டரில் உண்டா என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை ஜெனரேட்டரை ப்ளக்கில் செருகி வீட்டுக்குள் மின்சாரம் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் 230 வோல்ட் தெரு மின்மாற்றி வழியாகத் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பத்தில் நிற்கும். தெரு லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாத சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ ஓட்டவும் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. டெக்சாஸில் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள்? ஒரே நகரம் இரண்டு பதில் சொல்லியிருக்கிறது. 1977 ஜூலையில் நியூயார்க் இருண்ட இரவில் கடைகள் சூறையாடப்பட்டன, 3,000-க்கும் அதிகமானோர் கைதானார்கள். 2003-இல் அதே நகரத்தில் ஜனங்கள் பாலங்கள் மீது நடந்தே வீடு சேர்ந்தார்கள், சாலை முனையில் யாரோ ஒருவர் இறங்கி நின்று போக்குவரத்தைச் சரி செய்தார். 1977-இல் நகரம் கடனிலும் வேலையின்மையிலும் ஏற்கெனவே நொந்து கிடந்தது. இருட்டு வருவதற்கு முன்பே ஊர் எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்பது என் கணிப்பு. மீதிப் பாதி, செய்தி. செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். பிறகு வதந்திதான் ஓடும். பேட்டரி ரேடியோ ஒன்று, மாற்று செல்கள், கொஞ்சம் ரொக்கம், முக்கியமான எண்களும் முகவரிகளும் எழுதிய ஒரு தாள். ஸ்வீடன் அரசு வீடுதோறும் அனுப்பிய கையேட்டில் ஒரு வாரம் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்று சொல்கிறது. வயதானவர் தனியாக இருக்கும் வீடு எது என்பதைத் தெருவில் நாலு பேர் தெரிந்து வைத்திருப்பதும் அதற்குள் அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கரண்ட் திரும்பும்போது எங்களுக்கு ஓர் உதவி செய்யுங்கள். ஒரே ஒரு பல்ப் ஸ்விட்சை மட்டும் போட்டு வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். நாள் கழித்து வரும் மின்சாரத்தில் தெரு முழுக்க ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நொடியில் இழுத்தால், வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு லோடுகூட ஏறி, தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைன் மறுபடி விழும். பல்ப் எரிந்து கால் மணி நேரம் போன பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

அந்த மருத்துவமனைக்கு ஆறு மாதம் கழித்துப் போனேன். டீசல் டேங்கில் அளவுகோல் குச்சி புதிதாக இருந்தது, சுவரில் தினசரி அளவு எழுதும் பலகையும் இருந்தது. “ரெண்டாவது டேங்கர்காரரோட ஒப்பந்தம் போட்டுட்டோம் சார்” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். அவர் எங்கே நிரப்புகிறார் என்று கேட்டேன். அதே டிப்போவில்தான்.