நல்ல நிறுவனத்தை வாங்கினால் பெருநிறுவனம் நல்லதாகிவிடுமா?

சமூக அக்கறையோடு தொழில் செய்து பெயரெடுத்த சிறிய நிறுவனத்தைப் பெருநிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கும்போதெல்லாம், வாங்கியவரும் சுற்றுச்சூழலைப் பேணும் பாதைக்கு வந்துவிட்டார் என்ற நம்பிக்கை கூடவே பரவுகிறது. நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகச் செயல்பாடு பற்றி வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளைத் தணிக்கை செய்யும் பணியில் இருப்பதால், இந்த நம்பிக்கையை அப்படியே ஏற்க என்னால் முடிவதில்லை. நிறுவனம் கைமாறுவதால் மட்டும் காற்றில் கலக்கும் கரியமில வாயு ஒரு கிலோகூடக் குறைவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பெருநிறுவனத்தின் ஆண்டு விற்பனை 1,000 கோடி, உமிழ்வு 500 டன் என்று வைத்துக்கொள்வோம். கோடிக்கு அரை டன். அது வாங்கும் சிறிய நிறுவனத்தின் விற்பனை 100 கோடி, உமிழ்வு 10 டன். இரண்டையும் சேர்த்தால் 1,100 கோடிக்கு 510 டன். அதாவது கோடிக்கு ஏறத்தாழ 0.46 டன். எந்த ஆலையிலும் எதுவும் மாறவில்லை, பெருநிறுவனத்தின் கணக்கில் மொத்த உமிழ்வு கூடத்தான் செய்திருக்கிறது. ஆனாலும் “உமிழ்வுச் செறிவு (ஒரு கோடி விற்பனைக்கான உமிழ்வு) 7 சதவீதம் குறைந்தது” என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். அதில் பொய் இல்லை என்பதுதான் சிக்கலே.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. உலகெங்கும் பின்பற்றப்படும் பசுங்குடில் வாயுக் கணக்கீட்டு நெறிமுறையின்படி, குறிப்பிடத்தக்க அளவில் ஒரு நிறுவனத்தை வாங்கினால், வாங்கியவர் தன் அடிப்படை ஆண்டின், அதாவது பிந்தைய ஆண்டுகளை ஒப்பிடுவதற்கு அளவுகோலாக வைத்திருக்கும் ஆண்டின், உமிழ்வோடு வாங்கப்பட்ட நிறுவனத்தின் அந்த ஆண்டு உமிழ்வையும் சேர்த்துத் திருத்த வேண்டும். “குறிப்பிடத்தக்க அளவு” எது என்பதை நிறுவனமே வகுத்துக்கொள்வதால், சிறிய கொள்முதல்கள் பல நேரம் திருத்தமின்றித் தப்பிவிடுகின்றன. எனவே எந்த அறிக்கை கைக்கு வந்தாலும், அடிப்படை ஆண்டு பற்றிய அடிக்குறிப்பைத்தான் நான் முதலில் படிக்கிறேன்.

எண்களுக்கு அடுத்தது ஒப்பந்தம். வெர்மான்டில் 1978-இல் தொடங்கிய பென் அண்ட் ஜெர்ரீஸ் ஐஸ்கிரீம் நிறுவனத்தை யூனிலீவர் 2000-ஆம் ஆண்டு சுமார் 32.6 கோடி டாலருக்கு வாங்கியபோது, சமூக நோக்கத்தைக் காக்கும் பொறுப்பு ஒரு சுயேச்சையான இயக்குநர் குழுவுக்கு எழுத்து மூலம் தரப்பட்டது. நிதியும் நிர்வாகமும் யூனிலீவர் வசம் இருந்தன. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் விற்பனையை நிறுத்துவதாக 2021-இல் பென் அண்ட் ஜெர்ரீஸ் அறிவித்தது; மறு ஆண்டே இஸ்ரேலிலுள்ள வணிகத்தை யூனிலீவர் அங்குள்ள உரிமதாரருக்கு விற்றுவிட, அந்தக் குழு நீதிமன்றம் சென்றது. நிறுவனர்களில் ஒருவரான ஜெர்ரி கிரீன்ஃபீல்ட், நிறுவனத்தின் சுதந்திரம் பறிபோய்விட்டதாகக் கூறி 2025 செப்டம்பரில் விலகினார். அந்த ஒப்பந்தப் பிரிவு பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாதிருந்தால் அக்குழு நீதிமன்ற வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. ஆனால் பணப்பெட்டியின் சாவி ஒருவரிடமும் கொள்கை இன்னொருவரிடமும் இருந்தால், மோதல் வரும் நாளில் சாவி வைத்திருப்பவரின் கையே ஓங்குகிறது.

எழுத்தில் எதுவும் இல்லாதபோது நிலைமை இன்னும் பலவீனமானது. ஹானஸ்ட் டீ என்ற இயற்கைத் தேநீர் நிறுவனத்தை 2011-இல் முழுமையாக வாங்கிய கோகா-கோலா, அதன் பாட்டில் தேநீரை 2022-உடன் நிறுத்திவிட்டது. பாடி ஷாப் என்ற பிரிட்டன் அழகுப்பொருள் நிறுவனத்தை லோரியால் 2006-இல் வாங்கி, 2017-இல் பிரேசிலின் நேச்சுரா நிறுவனத்துக்கு விற்றது. நேச்சுரா 2023-இல் அதை ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட, மறு ஆண்டு பிப்ரவரியிலேயே அதன் பிரிட்டன் வணிகம் திவால் நடவடிக்கைக்குள் போனது. முதல் வாங்குபவர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும், இரண்டாவது, மூன்றாவது வாங்குபவரை அவருடைய வாய்மொழி உறுதி கட்டுப்படுத்தாது.

வாங்கியவரே மாறுவதும் உண்டு, அது எனக்கு உண்மையான மகிழ்ச்சி தரும் செய்தி. தாவரப் பால், இயற்கை உணவு தயாரிக்கும் ஒயிட்வேவ் நிறுவனத்தை 2017-இல் வாங்கிய பிரெஞ்சு உணவு நிறுவனமான டானோன், தன் வட அமெரிக்கப் பிரிவு முழுவதற்கும் மறு ஆண்டு பி கார்ப் சான்றிதழை, அதாவது சமூக, சுற்றுச்சூழல் தரங்களை எட்டும் நிறுவனங்களுக்குத் தரப்படும் சான்றிதழை, பெற்றது. அதே கொள்முதலுக்காகப் போட்டிச் சட்டத்தின்படி ஸ்டோனிஃபீல்ட் என்ற இயற்கைத் தயிர் நிறுவனத்தை அது விற்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரு கொள்முதலை எடைபோடும்போது, வாங்கப்பட்ட சிறிய நிறுவனத்தைவிட வாங்கியவரின் மூலப்பொருள் வாங்கும் துறையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். சிறிய நிறுவனம் தன் கொக்கோ விவசாயிகளுக்குக் கொடுத்துவந்த நியாய விலை, பெருநிறுவனத்தின் மற்ற சாக்லேட்டுகளுக்கும் எட்டியதா? அல்லது “செலவுச் சிக்கனம்” என்ற பெயரில் அந்த விவசாயிகளும் மலிவு விலை டெண்டருக்குள் கொண்டுவரப்பட்டார்களா? விற்கப்போகும் நிறுவனர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான்: மூலப்பொருள் தரமும் விவசாயிக்கான விலையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் அளவுகளோடு இடம்பெறட்டும், அவற்றை ஆண்டுதோறும் சரிபார்க்கும் வெளித் தணிக்கையாளரை நியமிக்கும் உரிமை உங்கள் தரப்பில் இருக்கட்டும், நிறுவனம் மீண்டும் விற்கப்பட்டால் அதே இணைப்பு அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் என்ற வரி, கையெழுத்திடும் முன்பே எழுதப்பட்டிருக்கட்டும்.