சுண்டிக்குளம்: பெயர் மட்டும் மாறவில்லை

இலங்கையின் வடக்கில் களப்போடு கிடக்கும் சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமானது. 2015 ஜூனில் அதைத் தேசியப் பூங்காவாக்கி வர்த்தமானி வந்தது. பின்னணி இவ்வளவு போதும். பெயர்தானே மாறியது என்று இருந்தவர்கள்தான் இப்போது அலைகிறார்கள்.

சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசியப் பூங்கா அப்படியல்ல, அது முழுக்க அரச காணி. உள்ளே கால் வைக்கவே வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "அப்பு காலத்திலையிருந்து இந்தக் களப்பிலைதான் வலை போடுறம்" என்பது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு இரங்கி வழக்கைக் கைவிட்ட உத்தியோகத்தரை நான் கண்டதில்லை.

கடற்றொழில் திணைக்களத்தில் வள்ளம் பதிந்திருக்கிறோமே என்பார்கள். அந்தப் பதிவு பூங்கா எல்லையைத் தாண்ட உதவாது. துவக்கு அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்கிறவர்களும் இதே பிழையைத்தான் விடுகிறார்கள். அது துவக்கை வைத்திருக்கத் தந்த கடதாசி. மாரியோடு வந்து இறங்கும் கிளுவையையும் ஊசிவால் தாராவையும் பூங்காவுக்குள் சுடத் தந்ததல்ல. கண்ணி வைப்பதும் குற்றம்தான்.

சரி, எல்லை எங்கே? இதற்குத்தான் யாரும் வாய் திறப்பதில்லை. வயதான ஒருவரோடு நானும் போனேன். சொப்பிங் பையில் காணி அனுமதிப்பத்திரம், பழைய பற்றுச்சீட்டுகள். கிராம அலுவலர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வனஜீவராசிகள், பிறகு நில அளவை, கடைசியில் திரும்பவும் கிராம அலுவலர். நாலு வாசலிலும் ஒரே பதில்: "அது எங்கடை வேலையில்லை." ஒருவரும் அதை எழுதித் தரவில்லை.

ஆகவே வாயால் கேட்காதீர்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். எல்லை வரைபடத்தின் பிரதியையும், உங்கள் காணித்துண்டு அதற்குள் வருகிறதா என்பதையும் மட்டும் கேளுங்கள். "ஏன் எங்கள் காணியை எடுத்தீர்கள்" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள். திகதி முத்திரையோடு பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் பலனில்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பூங்காவுக்குள் பிடிபட்டவர்கள் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் வாசித்துக் காட்டும்வரை பேனையைத் தொடாதீர்கள். "காணியை விடுவித்துத் தாறன்" என்று காசு கேட்கிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், மூலப்பத்திரத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டிலிருந்தே நாலைந்து போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் கொப்பிக் கடை தேடிப் போய்த் திரும்புவதற்குள் அந்தக் கந்தோரில் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டார்கள்.