அரசு உங்களுக்குத் தர வேண்டிய பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அரசுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று பேச்சு வந்தால் எல்லோரும் நினைப்பது கடன் பத்திரங்களையும் வெளிநாட்டுக் கடனையும்தான். செய்தித்தாளில் வரும் 'தலைக்கு இவ்வளவு கடன்' என்ற கணக்கும் அதை வைத்துத்தான் போடப்படுகிறது. அதில் மக்கள் கடனாளிகள். ஆனால் அதே மக்களுக்கு அதே அரசு தர வேண்டிய பணமும் உண்டு. கூடுதலாகப் பிடித்த வரி, எடுத்துக்கொண்ட நிலத்துக்கான இழப்பீடு, வேலை முடித்தவருக்கு நிற்கும் பில், ஓய்வூதிய நிலுவை, தவறாக வசூலித்த அபராதம். இதை யாரும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதில்லை.

பார்க்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. பல நாடுகளில் அரசுக் கணக்கு இன்னும் ரொக்க அடிப்படையில்தான் எழுதப்படுகிறது. பணம் வந்த அன்று வரவு, போன அன்று செலவு. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்தால் முதன்மைக் கணக்கில் அது பதிவே ஆகாது. ஒரு கம்பெனி இப்படிப் பாக்கி வைத்தால், ஆண்டு முடிவில் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) அது பொறுப்பாக, அதாவது கொடுக்க வேண்டிய கடனாக, வந்து உட்கார்ந்துவிடும். ரொக்க முறையிலோ, பாக்கி வைக்கும் துறை சிக்கனமான துறையாகத் தெரியும். கடமை உருவான நாளிலேயே பதிவு செய்யும் அக்ரூவல் முறைக்கு நியூசிலாந்து 1990களின் தொடக்கத்திலேயே முழு அரசையும் கொண்டுவந்துவிட்டது. மற்ற நாடுகள் மெதுவாகத்தான் நகர்கின்றன.

ஒரு கோப்பு நினைவுக்கு வருகிறது. பணியில் இருந்தபோதே இறந்துபோன ஊழியரின் மனைவிக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதிய நிலுவை. தகுதி சரி, கணக்கீடு சரி, உத்தரவும் போட்டாயிற்று. கடைசிக் குறிப்பில் 'ஒதுக்கீடு வந்ததும் வழங்கலாம்' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த பக்கம் காலி. அதே ஆண்டில் அந்த அலுவலகம் ஒதுக்கீட்டுக்குள் செலவை முடித்ததாக மேலிடத்தின் பாராட்டும் இருந்தது. இப்படி நிற்கும் உத்தரவுகளின் மொத்தத் தொகை என்ன என்று கேட்டேன். 'பில்லே இன்னும் பாஸ் ஆகலையே சார், அப்புறம் அது எப்படி நிலுவை ஆகும்?' என்றார் கணக்குப் பிரிவு அலுவலர். கிண்டல் இல்லை. அவர்களுடைய விதிப்படி அவர் சொன்னது சரிதான்.

கடன் பத்திரம் வைத்திருப்பவருக்கு இந்தக் கதி நேராது. வட்டி ஒரு தவணை தவறினால் கடன் தரநிர்ணய நிறுவனங்கள் அந்த அரசின் மதிப்பீட்டைக் குறைக்கும், உலகமெங்கும் செய்தியாகும். ஒரு மூதாட்டியின் ஓய்வூதியம் எட்டு மாதம் தள்ளிப்போனால் அதை யாரும் அரசு கடன் தவறியதாகச் சொல்வதில்லை, 'நடைமுறைத் தாமதம்' என்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். முதலாமவருக்குக் கேட்க ஆள் பலம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஓய்வூதியம் சட்டப்படி கடன்தானா? நாட்டுக்கு நாடு, திட்டத்துக்குத் திட்டம் பதில் மாறும். அரசு ஊழியரின் ஓய்வூதியம் ஆட்சியாளர் தயவில் தரும் கொடை அல்ல, அது அவருடைய சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது. 1982-இல் நகாரா வழக்கிலும் இதையே உறுதி செய்தது. அமெரிக்காவில் எல்லோருக்குமான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் கதை வேறு. 1936 முதல் 1955 வரை சந்தா கட்டிய எஃப்ரம் நெஸ்டர் என்பவர், 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த காரணத்துக்காக 1956-இல் நாடு கடத்தப்பட்டார். மாதம் வந்துகொண்டிருந்த 55.60 டாலர் நின்றுபோனது. சந்தா கட்டியதாலேயே அது சொத்துரிமை ஆகிவிடாது, நாடாளுமன்றம் திட்டத்தை மாற்றலாம் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற ஒரே ஓட்டு வித்தியாசம்.

கணக்கியலும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போடுகிறது. பொதுத்துறைக்கான சர்வதேசக் கணக்கியல் தரங்களின்படி, ஊழியர்களுக்குத் தர வேண்டிய ஓய்வூதியத்தை அரசு ஆயுள் கணிப்போடு சேர்த்துப் பொறுப்பாகக் காட்ட வேண்டும். பொதுமக்களுக்கான சமூக உதவிகளுக்கு 2019-இல் வந்த 42-ஆவது தரம் பொருந்தும். அதன் பொதுவான முறையில், அடுத்த தவணைக்கான தகுதிகள் எல்லாம் நிறைவேறிய பிறகே அந்தத் தவணை கடனாகிறது. உயிரோடு இருப்பதும் ஒரு தகுதியாக இருக்கலாம். நாற்பது ஆண்டு சந்தா கட்டியவருக்கு ஏட்டில் காட்டப்படும் கடன் பெரும்பாலும் ஒரு மாதத் தொகைதான். எனவே 'அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது' என்று யாராவது சொன்னால், அந்த வாக்கு எந்தச் சட்டத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்ஜெட் உரையில் மட்டும் இருக்கிறதென்றால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தாமதத்துக்கான வட்டியிலும் தராசு நேராக இல்லை. இந்தியாவில் வருமான வரியை நீங்கள் தாமதமாகக் கட்டினால் மாதம் 1 சதவீத வட்டி. உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்ட் தாமதமானால் மாதம் 0.5 சதவீதம். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் தாமத வரிக்கு மத்திய வங்கி வீதத்தோடு 4 சதவீதம் கூட்டுகிறார்கள். திருப்பித் தரும்போது அதே வீதத்தில் 1 சதவீதம் குறைக்கிறார்கள். அமெரிக்காவில் தனிநபருக்கு இரண்டு பக்கமும் ஒரே வீதம். ஆக, சமமாக வைப்பது முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

இதைவிட மோசமானது, கடனாளி யார் என்பதையே தலைகீழாக்கிவிடுவது. ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பெயர் வாங்கிய திட்டம் இதைத்தான் செய்தது. ஆண்டு வருமானத்தை இருவார சராசரியாக வகுத்து, உதவித்தொகை வாங்கியவர்கள் கூடுதலாகப் பெற்றுவிட்டார்கள் என்று கணினி கடன் நோட்டீஸ் அனுப்பியது. சில மாதம் வேலை, சில மாதம் வேலையின்மை என்று இருப்பவருக்குச் சராசரி பொய் சொல்லும். கூடுதலாக வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 2019-இல் நீதிமன்றத்தில் அரசு இறங்கி வந்தது. 2020 மே மாதம், சுமார் 4,70,000 கடன் நோட்டீஸ்களுக்கான 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திய விவகாரத்தில், 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 30,000 யூரோ என்று இழப்பீடு நிர்ணயித்தார்கள்.

யாருடைய இழப்பை ஏட்டில் எழுதுவது என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது. 1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் 2015-இல்தான் முழுவதும் அடைந்தது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. மாறாக, இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்குத் தலா 20,000 டாலர் தர 1988-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்.

இனி உங்கள் விஷயம். அரசிடம் பணம் வர வேண்டியிருந்தால் முதலில் அதற்கு ஒரு தேதியும் எண்ணும் வாங்குங்கள். விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு, உத்தரவு வந்தால் அதன் நகல். 'மேலே போயிருக்கிறது' என்ற வாய்வார்த்தை எந்த வழக்கிலும் நிற்காது. தொகை வந்ததும் கணக்கீட்டுத் தாளைக் கேளுங்கள். பிடித்தம் இருந்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். தொகை குறைவு என்று நினைத்தால், பணத்தை வாங்கும் இடத்திலேயே 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நில இழப்பீட்டில் இந்த ஒரு வரி இல்லாமல் போனதால் கூடுதல் தொகை கேட்க வழியில்லாமல் நின்றவர்கள் உண்டு. வட்டி தானாக வருமா, கேட்டால்தான் வருமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலக்கெடு. நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் நீளாது.

உங்கள் பணம் வந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. பொதுப் பணத்தைக் கையாளும் எந்த அலுவலரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்று 1789-லேயே பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் 15-ஆவது பிரிவு எழுதிவைத்தது. தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் இடங்களில் அதன் வழியாகவும், இல்லாத இடங்களில் உங்கள் பிரதிநிதி வழியாகவும் ஒன்றைக் கேளுங்கள்: உத்தரவு போட்டும் பணம் கொடுக்காத இனங்கள் எத்தனை, ஓராண்டுக்கு மேல் எவ்வளவு, மூன்றாண்டுக்கு மேல் எவ்வளவு? முதல் முறை கேட்கும்போது அப்படியொரு பட்டியலே இருக்காது. கேள்வி எழுத்தில் போன பிறகுதான் உட்கார்ந்து தயாரிப்பார்கள்.