ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் குறி அப்படியே நிற்குமா?

புதுச்சேரியில் ஏர் ரைஃபிள் பயிற்சி கொடுக்கிறேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பையன் ஒருவன், பைக்குள் நுழையவில்லை என்று ஸ்கோப்பை (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) தனியாகக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துவருவான். இங்கே வந்து மாட்டிச் சுட்டால் பெல்லட் (சின்னக் குண்டு) நடுவை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளிப் போகும். "போட்ட அடையாளத்துலதான் சார் மாட்டினேன்" என்பான். பொய் சொல்லவில்லை. கண்ணுக்கு அது அதே இடம்தான்.

ஸ்கோப்பைச் சுற்றிப் பிடித்துத் தாங்கும் இரண்டு ரிங்குகளுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு முனை மட்டும் 0.05 மில்லிமீட்டர் ஒதுங்கி உட்கார்ந்தால், 10 மீட்டரில் குறி 5 மில்லிமீட்டர் நகரும். போட்டி அட்டையில் ஒரு வளையத்தின் அகலம் 2.5 மில்லிமீட்டர். அதாவது இரண்டு புள்ளி போச்சு. தலைமுடியின் கனம்கூட இல்லாத நகர்வுக்கு இவ்வளவு!

10 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான். அதில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 80 சென்டிமீட்டர் இருப்பதால், பின் சைட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குறி ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் விலகும். ஸ்கோப் நிற்கும் அடித்தளம் குட்டை. அதனால் அதை மாட்டும்போதுதான் கை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்தப் பையனுடையது ஸ்பிரிங் துப்பாக்கி. இந்த வகை சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். துப்பாக்கியின் மேலுள்ள வழவழப்பான டவ்டெயில் ரெயிலில் (ஓரம் சரிந்த பள்ளத் தடம்) மவுண்ட், அதாவது ரிங்குகளை ரெயிலோடு பிணைக்கும் பிடிப்பான், மெல்லப் பின்னால் நழுவிக்கொண்டே போகும். ரெயிலில் துளை இருந்தால் மவுண்டின் ஸ்டாப் பின்னை (நழுவாமல் தடுக்கும் சிறு முளை) அதற்குள் இறக்கி மாட்டுங்கள். குறுக்குப் பள்ளம் உள்ள ரெயில் என்றால் அதே பள்ளத்தில் வைத்து, அது நழுவும் பின்பக்கமாகவே தள்ளிப் பிடித்தபடி முறுக்குங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவில் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) முடியுங்கள்.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. துருப்பிடித்த ஸ்க்ரூவை ரெஞ்ச் அதே அளவு முறுக்கினாலும் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், விசை துருவோடு உரசுவதிலேயே போய்விடுகிறது. துரு கண்டால் ஸ்க்ரூவை மாற்றிவிடுங்கள், ரெயிலையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

எல்லாப் பழியையும் மவுண்ட் மேல் போடவும் கூடாது. ரிங்குக்குள் ஸ்கோப் ஒரு சென்டிமீட்டர் முன்பின் ஆனால் கன்னம் வைக்கும் இடம் மாறிவிடும். தூரத்து இலக்குக்கென்று செய்த ஸ்கோப்பில் 10 மீட்டரைப் பார்க்கும்போது கண் சற்று விலகினாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் மிதக்கும். அதனால் ரிங்குகளைத் தொடாமல், ஸ்கோப்பை மவுண்டோடு சேர்த்தே கழற்றுங்கள்.

சரி, நிற்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே குண்டை நம்பாதீர்கள். கழற்றும் முன் பத்து, மாட்டிய பின் இன்னொரு அட்டையில் பத்து. இடையில் டரட்டை (ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் திருகு) தொடவே கூடாது. இரண்டு குரூப்பின் (அட்டையில் பத்து குண்டும் விழுந்த கூட்டம்) மையத்தையும் அளந்து பாருங்கள். உங்கள் குரூப்பே 15 மில்லிமீட்டர் விரிகிறது என்றால் மையத்தில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அதைத் துரத்தி டரட்டைத் திருகினால் நல்ல ஜீரோவையும் (சரியாக அமைத்துவைத்த குறி) கெடுத்துக்கொள்வீர்கள்.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற நாளில், இறுதிச்சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் குண்டு நடுவை விட்டு வெகுவாக விலகியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். சைட்டைத் திருத்திக்கொண்டார். கடைசிக் குண்டு 10.8. அந்தச் சோதனைக் குண்டுகள் இல்லாமல் நேரடியாகப் புள்ளிக்குச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் பிள்ளைகளிடம் கேட்பேன்.

கடலூர்ப் பையன் இப்போது அரை மணி முன்னதாகவே வந்துவிடுகிறான். மாட்டி, பத்து சுட்டு, மையத்தை நோட்டில் எழுதிய பிறகுதான் பயிற்சியைத் தொடங்குகிறான்.