பட்டறை: சொல்லும் பொருளும், வீட்டுத் தச்சுவேலையும்

வீட்டில் மரவேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது இடத்தைத்தான். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலை, மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம், மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. இடம் கிடைத்ததும் டிரில், ஜிக்சா, கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறார்கள். அப்புறம்தான், பலகையை எதன்மேல் வைத்து அறுப்பது என்ற கேள்வி வருகிறது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கிறார்கள். வெட்டு கோணலாகிறது. ரம்பத்தைக் குறை சொல்லிவிட்டு, அதைவிட விலை கூடிய இன்னொன்றை வாங்குகிறார்கள்.

பட்டறை என்ற சொல்லின் பழைய பொருள் தெரிந்தால் இந்த வரிசை தலைகீழாக மாறும். இன்று பட்டறை என்றால் வேலை நடக்கும் இடம். பழைய வழக்கில், வேலை எதன்மேல் நடக்கிறதோ அதுதான் பட்டறை.

சொல்லின் பழைய வடிவம் பட்டடை. கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கிற கனத்த அடிமானத்துக்கு அந்தப் பெயர். அடைகல் என்றும் சொல்வார்கள். பட்டடைதான் வழக்கில் பட்டறை ஆனது. சொல்லின் கடைசியில் 'அறை' என்று கேட்பதால், வேலை செய்யும் அறை என்று பொருள் கொள்கிறவர்கள் உண்டு. சமையலறை, படுக்கையறை வரிசையில் இதைச் சேர்க்க முடியாது. 'படு' என்ற வினையையும் 'அடை' என்ற பெயரையும் வைத்துப் பார்ப்பதுதான் பொருந்துகிறது: அடி படுவது, அதைத் தாங்குகிற அடை. அடை என்பதற்கு முட்டு, தாங்கல் என்ற பொருள் தமிழில் உண்டு. அடைகல்லில் இருப்பதும் அதே அடைதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தச் சொல் கொஞ்சம் உருமாறி அடைகல் என்ற பொருளில் இருக்கிறது.

திருக்குறளில் பட்டடை வருகிறது. கூடா நட்பு அதிகாரத்தின் முதல் குறள், 821: 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை, நேரா நிரந்தவர் நட்பு.' மனம் ஒட்டாமல் வெளியே மட்டும் சேர்ந்திருப்பவரின் நட்பை வள்ளுவர் பட்டடை என்கிறார். பரிமேலழகர் தரும் விளக்கம் தச்சுவேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டிய விளக்கம். அடி விழும் நேரம் வரும்வரை பட்டடை பொருளைத் தாங்குவது போலவே இருக்கிறது. அடி விழுகிறபோது அந்தப் பொருள் அறுபடத் துணையாகிறது. ஓங்குகிற கை ஒன்று, கீழே அசையாமல் நிற்கிற அடிமானம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் வெட்டு. குறள் சொல்ல வந்தது நட்பைப் பற்றி. ஆனால் கருவி வேலையைக் கூர்ந்து பார்த்த ஒருவரால்தான் இந்த உவமையை எடுத்திருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

அடைகல்லுக்குச் சங்கப் பாடலில் உலைக்கல் என்றும் பெயர். புறநானூற்றின் 170-ஆம் பாடல் பிட்டங்கொற்றன் என்ற சிற்றரசனை, 'விசைத்தெறி கூடமொடு பொரூஉம் உலைக்கல் அன்ன வல்லாளன்' என்கிறது. கொல்லன் வேகமாக வீசி அடிக்கிற சம்மட்டியோடு மோதி நிற்கிற கல்லைப் போன்றவனாம். இதில் கூடம் என்பது சம்மட்டி. இன்று தொழிற்கூடம் என்கிறோமே, அந்தக் கூடத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஒலி ஒன்று, சொல் வேறு.

அப்படியானால் இடத்துக்கு என்ன பெயர்? அதே புறநானூற்றில் 95-ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் உள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து 'கொல்துறைக் குற்றில'த்தில் கிடக்கின்றன. கொல்லன் வேலை செய்கிற சிறு குடில் என்று பொருள். வேலைக்கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. ஔவையாருக்குத் தச்சர்கள் மேலும் தனிக் கவனம் உண்டு: 87-ஆம் பாட்டில் ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த சக்கரம் வருகிறது, 206-ஆம் பாட்டில் மழுவோடு காட்டுக்குள் போகிற தச்சன் பிள்ளைகளுக்கு எங்கு போனாலும் பிழைப்பு உண்டு என்று வருகிறது.

ஆக, அடிமானத்துக்கு ஒரு சொல், குடிலுக்கு ஒரு சொல் என்று இருந்தது. பிறகு அடிமானத்தின் பெயரே குடிலுக்கும் ஆகிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் 'லேத்துல வேலை பார்க்கிறான்' என்பார்கள். லேத் என்பது கடைசல் எந்திரம். அது இருக்கிற கடைக்கும் அதுவே பெயர். பட்டறைக்கும் அதேதான் நடந்தது. கொல்லன் பட்டறை, நகைப் பட்டறை, தச்சுப் பட்டறை, கார்ப் பட்டறை என்று வரிசையாகப் பரவிய பிறகு, சம்மட்டியே இல்லாத இடத்துக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

பெரம்பலூர்ப் பக்கம் போனால் பட்டறைக்கு முற்றிலும் வேறு பொருள் கேட்கலாம். அங்கே விவசாயிகள் சின்ன வெங்காயத்தைப் 'பட்டறை போட்டு' வைக்கிறார்கள். விலை ஏறும்வரை அழுகாமல் காக்க, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி அடித்தளம் அமைத்து, பக்கங்களில் காற்று புகும்படி தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கூரை வேய்கிறார்கள். அடியில் ஈரம் ஏறாமல் காற்று ஓட வேண்டும், அதுதான் உயிர். இரும்பு அடிக்கிற கல்லுக்கும் வெங்காயம் காக்கிற அமைப்புக்கும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்தால், பொருளைத் தாங்கும் அடித்தளம் என்ற கருத்துதான் இரண்டிலும் ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒர்க் ஷாப் என்பதற்கு நிகராக இன்று பல சொற்கள் புழங்குகின்றன. பயிற்சி வகுப்புக்குத் தமிழ்நாட்டில் பயிலரங்கு, பயிற்சிப் பட்டறை, இலங்கையில் செயலமர்வு. பெரிய தொழிலகத்துக்குப் பணிமனை: திருச்சி பொன்மலையில் 1928-இல் வந்த ரயில்வே பணிமனை எல்லோருக்கும் தெரிந்தது. தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் திறக்கிற அலுவலகமும் பணிமனைதான். வீட்டில் ஒருவர் மரவேலை செய்யும் இடத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். தச்சுப் பட்டறை என்பதே போதும், வேறு ஒன்றைப் புதிதாக ஆக்கத் தேவையில்லை. ஒர்க் பெஞ்சுக்குப் பணிமேசை நல்ல சொல். தச்சுமேசை என்றாலும் யாருக்கும் புரியும்.

சரி, அந்த மேசைக்கு வருவோம். நம் ஊர்த் தச்சர்கள் பலர் மேசையே இல்லாமல் தரையில் உட்கார்ந்து, பாதத்தாலும் பெருவிரலாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இழைப்பார்கள். அவர்களுக்கு அடிமானம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தரையும் காலும் சேர்ந்துதான் அவர்களுடைய பட்டடை. ஆனால் அந்த உடல்வாகு சிறுவயதிலிருந்து பழகி வருவது. அலுவலக நாற்காலியில் காலம் கழித்துவிட்டு விடுமுறை நாளில் உளி எடுக்கிறவருக்கு மேசைதான் சரிப்படும்.

மேசையின் உயரத்துக்கு அளவுகோல் உங்கள் கைதான். செருப்புப் போட்டு வேலை செய்வதானால் செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிகிற கோட்டுக்கும் விரல் முட்டிக்கும் இடைப்பட்ட உயரம் கைவேலைக்கு ஏற்றது. நம்மில் பலருக்கு இது 30 முதல் 33 அங்குலத்துக்குள் வரும். இழைப்புளி தள்ளுகிற வேலை அதிகம் என்றால் கொஞ்சம் தாழ்வாக வைக்கலாம். உடம்பின் எடை தள்ளுவதற்கு உதவும். சமையல் மேடை உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தோள் வலிக்கும்.

மேல்பலகைக்குத் தேக்கு வேண்டும் என்பதில்லை. புளியமரம் அடி தாங்கும், கறிக்கடைக் கட்டைக்கு அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் நேரான நீளப் பலகை கிடைப்பது கஷ்டம். வாகை கிடைத்தால் நல்லது, செக்குக்கே போகிற மரம் அது. அறுக்கும்போது அதன் தூள் மூக்கில் ஏறித் தும்மலை வரவழைக்கும், முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் தேடி அலைய நேரம் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒட்டுப்பலகை. 18 மில்லிமீட்டர் கனமுள்ள 8க்கு 4 அடி பிளைவுட் ஒன்றை, நாலடிக்கு இரண்டடியாக நான்கு துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள், கடையிலேயே அறுத்துத் தருவார்கள். நான்கையும் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டித் திருகாணி போட்டு இறுக்கினால் 72 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மேல்பலகை கிடைக்கும். விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளித் திருகாணி போடுவது நல்லது. பின்னால் துளை போடும்போது இரும்பு குறுக்கே வராது.

கால்களைக் குறுக்குச் சட்டங்களால் நன்றாகப் பிணைக்க வேண்டும். மேசை தயாரானதும் இடுப்பால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மேல்பலகை ஆடினால் பிணைப்பு போதவில்லை. மேசையே நகர்ந்தால் எடை போதவில்லை. கீழே ஒரு தட்டு அடித்து மணல் மூட்டை வையுங்கள், அல்லது சுவரோடு சேர்த்து மாட்டுங்கள்.

பட்டடை என்ற சொல்லின் முழுப் பொருளும் காதில் கேட்கிற ஒரு வேலை உண்டு. சட்டத்தில் துளை பொளிவதற்காக உளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடியுங்கள். மேசையின் நடுவில் வைத்து அடித்தால் மேல்பலகை அதிரும், மேலே இருக்கிற பென்சில் துள்ளும், உளி கொஞ்சமாகத்தான் இறங்கும். அதே சட்டத்தை மேசைக் காலுக்கு நேர் மேலே நகர்த்தி அடியுங்கள். சத்தம் தணிந்து கெட்டியாகும். பென்சில் பேசாமல் கிடக்கும். அதே கை, அதே உளி. ஆனால் ஓர் அடிக்கு இறங்குகிற ஆழம் கூடிவிடும். அடியின் பலம் மேசையை ஆட்டுவதில் வீணாகாமல் மரத்துக்குள் போகிறது. பரிமேலழகர் சொன்ன பட்டடை இதுதான்.

மேசைக்கு அடுத்து வாங்க வேண்டியது வைஸ். அதற்குப் பிடிச்சிராவி என்று ஒரு பழைய பெயர் உண்டு, புழக்கத்தில் மங்கிவிட்டது. மீட்டெடுக்க வேண்டிய சொல் என்பேன். கடையில் பெஞ்ச் வைஸ் என்று கேட்டால், இரும்பு வேலைக்கான, மேசைக்கு மேலே எழும்பி நிற்கிற வகையை எடுத்துத் தருவார்கள். அதன் பல் வைத்த தாடை மரத்தைக் கடித்துத் தழும்பாக்கும். மரவேலைக்கு உரியது மேசையின் பக்கவாட்டில், மேல்பரப்புக்குக் கீழே பதிந்து நிற்கும். 7 அங்குல அகலம் வீட்டுக்குப் போதும். அதன் இரும்புத் தாடைகளுக்கு உள்ளே கட்டை வைத்துத் திருகாணி அடித்துவிட்டால் பிடி மெத்தென்று இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு கருவிகளை மேம்படுத்துவது பற்றி யோசிக்கலாம். நல்ல உளி இரண்டு மூன்று, ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) என்று இருக்கும் ஒரு தீட்டுக்கல், ஓர் இழைப்புளி, ஒரு மூலைமட்டம். ஏற்கெனவே இருக்கிற மலிவான உளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை தீட்டிப் பாருங்கள். மழுங்கிய உளியைத்தான் பலர் மட்டமான உளி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மின்கருவிகளில் டிரில் எந்த வீட்டிலும் ஓடும். பெரிய ரம்பங்கள் வாங்கும்போது சுவரில் இருக்கிற பிளக்கையும் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் சுமார் 1380 வாட் வரைதான் தாங்கும். மேசை ரம்பங்கள் பல 1500 வாட்டைத் தாண்டுகின்றன. அவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனிக் கம்பியும் வேண்டும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் சாதனமும் அந்த இணைப்பில் கட்டாயம் இருக்கட்டும்.

மேசை ரம்பத்துக்குத் தாங்கி செய்யும்போது, அதன் பரப்பு உங்கள் பணிமேசையின் உயரத்துக்குச் சரியாகவோ ஒரு நூலளவு மேலேயோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எட்டடிப் பலகையைத் தள்ளி அறுக்கும்போது அறுபட்ட முனை கீழே சாய்ந்து ரம்பத்தை நெருக்காமல், பின்னால் இருக்கிற பணிமேசையின்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும்.