வெண்ணெய் இருந்த இடத்தில் வெண்ணெய்ப் பழம்

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடியிருப்பது தெரிந்ததும், "பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) இதயத்துக்கு நல்லதாமே" என்று தினம் ஒரு பழம் சாப்பிடத் தொடங்குபவர்கள் பலர். காலையில் நெய் ரோஸ்ட்டும் மாலையில் பப்ஸும் மட்டும் மாறுவதில்லை. மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் பெரிதாக இறங்கியிருக்காது, எடை ஏறியிருக்கலாம். பழத்தின் மேல் குற்றமில்லை. அது எதற்குப் பதிலாக வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழத்தின் 100 கிராம் சதையில் சுமார் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு. அதில் ஏறக்குறைய 10 கிராம், நிறைவுறாக் கொழுப்பில் ஒரு வகையான ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம்தான். வெண்ணெயிலோ வெறும் 10 கிராமிலேயே 5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. இந்த வகைக் கொழுப்பு மிகும்போது, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்து அகற்றும் கல்லீரலின் ஏற்பிகள் குறைகின்றன. அதைக் குறைத்து, அந்த இடத்தில் நிறைவுறாக் கொழுப்பைக் கொண்டுவந்தால் ஏற்பிகள் மீண்டும் வேலை செய்யும். கூடவே 100 கிராமுக்கு 7 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கிறது.

அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை 30 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. வாரம் இரண்டு முறையாவது அரைப் பழம் சாப்பிட்டவர்களுக்கு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் வரும் நோய் 21 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில், வேறு எதையும் மாற்றாமல் ஆறு மாதம் தினம் ஒரு பழம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். மிகச் சிறிதளவே இறங்கியது, வயிற்றுக் கொழுப்பு குறையவே இல்லை.

ஆகவே ஒரு வேளைக்கு அரைப் பழம், சுமார் 70 கிராம், போதும். சப்பாத்திக்கோ பிரெட்டுக்கோ தடவும் வெண்ணெயை நிறுத்திவிட்டு இதை மசித்து வையுங்கள். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு சேர்த்தால் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும். ஜூஸ் கடை மில்க் ஷேக் வேண்டவே வேண்டாம்: நான்கு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் அதுவே 20 கிராம். ஒரு கிராம் சர்க்கரைகூட இல்லாத பழத்துக்கு இது அநியாயம்.

கொடைக்கானல் கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே விளையும் பழங்களே நமக்குப் போதும். மரத்தில் இருக்கும்வரை இந்தப் பழம் கனியாது, பறித்த பிறகுதான் கனியும். கல்லாக இருப்பதை ஃப்ரிட்ஜில் வைத்தால் கனிவது தடைபட்டு, உள்ளே கறுத்துவிடும். காகிதப் பையில் வாழைப்பழத்தோடு வைத்தால் சில நாளில் பதமாகும். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் அந்த இடம் கன்றிப்போகும். மீதிப் பாதியைக் கொட்டையோடு, எலுமிச்சைச் சாறு தடவி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கவனம்: அரைப் பழத்திலேயே சுமார் 340 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தினசரி உணவாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் பழத்தை நம்பி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.