பெரியப்பாவோட நாலு ஏக்கர்

கோபிசெட்டிபாளையம் பக்கம் சிவில் கேஸ் பாக்கற வக்கீல் நான். போன வருசம் ஒரு அம்மா ரெண்டு பசங்களோட வந்தாங்க, கையில மஞ்சப்பை, அதுக்குள்ள பட்டா, சிட்டா எல்லாம். புருசன் எறந்து பதினஞ்சு வருசம். அவரோட அண்ணன் கல்யாணமே பண்ணிக்காம இவங்க கூடவே இருந்துட்டார், பாகப்பிரிவினைல வந்த நாலு ஏக்கர்ல மஞ்சள் போட்டு, ராத்திரி கரண்டு வர்றப்ப எந்திரிச்சு தண்ணி கட்டி, இந்தப் பசங்கள படிக்க வெச்சதே அவர்தான், கடைசில அவர் படுத்த படுக்கையானப்ப குளிப்பாட்டி விட்டதும் இந்தப் பசங்கதான். அவர் போனதும் கட்டிக்குடுத்த அக்கா ரெண்டு பேரும் திருப்பூர்ல இருக்கற இன்னொரு தம்பியும் வாரிசு சான்றிதழ் வாங்கிட்டாங்க. பசங்க பேரு அதுல இல்ல.

சட்டம் அப்படித்தாங்க இருக்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8வது பிரிவுப்படி பொண்டாட்டி புள்ளை இல்லாத ஆம்பள உயில் எழுதாம எறந்தா சொத்து அம்மாவுக்கு, அம்மா இல்லன்னா அப்பாவுக்கு, அவரும் இல்லன்னா உயிரோட இருக்கற கூடப்பொறந்தவங்களுக்கு சமமா. முன்னாடியே எறந்துட்ட தம்பியோட புள்ளைங்க அதுக்கும் கீழ்வரிசை, கூடப்பொறந்தவங்க ஒருத்தர் இருந்தாக்கூட இவங்களுக்கு ஒரு சென்ட் வராது. யாரு சோறு போட்டா, யாரு பாத்துக்கிட்டானு சட்டம் கேக்காது.

உயில் எழுத ஸ்டாம்ப் பேப்பர்கூட வேண்டாம், வெள்ளைப் பேப்பர் போதும். ஆனா ரெண்டு சாட்சி கண்டிப்பா கையெழுத்து போட்டிருக்கணும், கொஞ்சம் சின்ன வயசுக்காரங்களா பாருங்க, பின்னாடி கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்ல. பதிவு கட்டாயமில்ல, ஆனா பண்ணிடுங்க. மனசு மாறுனா எத்தன தடவ வேணாலும் மாத்தி எழுதலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும்.

சில வீட்ல உயில் எதுக்கு, இப்பவே செட்டில்மென்ட் (உயிரோட இருக்கறப்பவே சொத்த எழுதிக்குடுக்கற பத்திரம்) பண்ணிக்குடுன்னு நெருக்குவாங்க. அவசரப்படாதீங்க, அது எழுதுன அன்னைக்கே நெலம் கைய விட்டுப் போயிரும், நெனச்சா ரத்து பண்ண முடியாது. எழுதித்தான் ஆகணும்னா கடைசி வரைக்கும் என்னைப் பாத்துக்கணும்ங்கற நிபந்தனைய பத்திரத்துலயே போடுங்க, அது இருந்தா, பாக்காம விட்டா 60 வயசு ஆனவங்க 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட போய் அத செல்லாதுன்னு ஆக்க முடியும்.

கெளம்பறப்ப அந்தம்மா பையிலிருந்து ஒரு பழைய கோடு போட்ட நோட்டு எடுத்தாங்க. மஞ்சள் வித்த கணக்கு, உரக்கடை பாக்கி, கடைசிப் பக்கத்துல அவர் கையெழுத்துல, "நாலு ஏக்கரும் பசங்க ரெண்டு பேருக்கும்". கீழ கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. சாட்சி கையெழுத்து மட்டும் இல்ல.